ஒருவருடைய நடத்தையை 'அப்நார்மல்' என்று உளவியல் எதை வைத்துச் சொல்கிறது?

ஒரே வரியில் வரையறை கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ரத்தப் பரிசோதனையில் அளவு தாண்டினால் நோய் என்பதுபோல ஒரு கோடு இங்கே இல்லை. பார்க்கப்படுபவை நான்கு: அந்த நடத்தை அரிதானதா, சமூக வழக்கத்தை மீறுகிறதா, அந்த நபருக்கு வேதனை தருகிறதா, அன்றாட வாழ்க்கையை முடக்குகிறதா. ஆபத்து என்பதைச் சிலர் ஐந்தாவதாகச் சேர்ப்பார்கள். பாடப்புத்தகம் இவற்றைச் சமமாக அடுக்கி வைக்கும். ஆனால் நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது முடக்கம் என்பதற்குத்தான் கனம் அதிகம்.

கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு நாளில் இருபது தடவை கழுவுகிறார். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மருத்துவமனைச் செவிலியர் அதைவிட அதிகமாகவே கழுவுவார். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மொத்தம் எவ்வளவு நேரம் போகிறது? நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தவறிவிட்டதென்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறாரா? தோல் வெடித்து எரிந்தாலும் விட முடியவில்லையா? 'இது அதிகப்படி' என்று அவருக்கே தெரிந்தும் நிறுத்த முடியவில்லையா? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்-5, ஓசிடிக்கு (வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செய்கையை விடாமல் செய்யவைக்கும் பாதிப்பு) வைத்திருக்கும் அளவு இது: அந்த எண்ணங்களும் செய்கைகளும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்க வேண்டும், இல்லையென்றால் குறிப்பிடத்தக்க வேதனையோ முடக்கமோ ஏற்படுத்த வேண்டும்.

அரிது என்ற அளவுகோல் கணக்குப் போட எளிது. ஐ.க்யூ தேர்வின் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) 15. சராசரியிலிருந்து இரண்டு விலக்கம் கீழே போனால் 70; அதற்கும் கீழே வருபவர்கள் ஏறக்குறைய 2.3 சதவீதம். சிக்கல் என்னவென்றால், 130க்கு மேலே இருப்பவர்களும் அதே 2.3 சதவீதம்தான். அவர்களை யாரும் சிகிச்சைக்கு அனுப்புவதில்லை. இன்னொரு பக்கம், 2019இல் உலகில் எட்டில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எட்டில் ஒன்றை அரிது என்று எப்படிச் சொல்வது? அறிவுத்திறன் குறைபாட்டின் தீவிரத்தைக்கூட டி.எஸ்.எம்-5 மதிப்பெண்ணை வைத்துத் தீர்மானிப்பதில்லை; பணத்தைக் கையாள்வது, பேசிப் பழகுவது, தன்னைக் கவனித்துக்கொள்வது போன்ற அன்றாடத் திறன்களை வைத்தே தீர்மானிக்கிறது.

சமூக வழக்கம் என்ற அளவுகோலைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு 'டிரேப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். தன்பால் ஈர்ப்பு 1973 வரை அமெரிக்கக் கையேட்டில் நோயாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து அதை நீக்க 1990 ஆனது. ஆட்கள் மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறினார்கள். இந்தத் தவறு திரும்பக் கூடாது என்பதற்காகவே இன்றைய வரையறையில் ஒரு காப்பு வாசகம் உண்டு: தனிமனிதருக்கும் சமூகத்துக்கும் இடையிலான மோதல் மட்டுமே நோயாகாது, அந்த நபருக்குள் ஒரு செயற்பாட்டுக் கோளாறு இருந்து அதிலிருந்து அது வர வேண்டும். பண்பாட்டையும் இதே போலப் பார்க்க வேண்டும். இறந்துபோன கணவரின் குரல் காதில் விழுகிறது என்று துக்கத்தில் இருக்கும் பெண் சொன்னால், உடனே மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதிவிடக் கூடாது.

வேதனை என்பது இரண்டு பக்கமும் ஏமாற்றும். மேனியா என்ற மிகைக் கிளர்ச்சி நிலையின் உச்சத்தில் இருப்பவரைக் கேட்டால், வாழ்நாளில் இவ்வளவு உற்சாகமாக இருந்ததே இல்லை என்பார். மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்பார், சேமிப்பை எல்லாம் ஒரே வாரத்தில் கரைத்துவிட்டிருப்பார். வேதனை முழுக்க வீட்டில் இருப்பவர்களுக்கு. மறுபக்கம், நெருங்கியவரை இழந்தவர் அழுது, சாப்பிடாமல், தூங்காமல் கிடப்பது கடும் வேதனை; ஆனால் எதிர்பார்க்கக்கூடியது. அது தணியாமல் நீடித்தால்தான் கேள்வி எழும். எவ்வளவு காலம் என்பதில் கையேடுகளே ஒத்துப்போவதில்லை: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11இல் ஆறு மாதம், 2022இல் வந்த டி.எஸ்.எம்-5 திருத்தப் பதிப்பில் பெரியவர்களுக்கு ஒரு வருடம்.

காலக்கெடுவைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற நம்பிக்கையில் ஊன்றி நிற்பது போன்றவை ஒரு மாதத்துக்குள் முழுதும் தெளிந்துவிட்டால் அதற்கு ஒரு பெயர், ஆறு மாதத்துக்குள் என்றால் இன்னொரு பெயர், பாதிப்பின் அடையாளங்கள் ஆறு மாதமாவது நீடித்தால்தான் மனச்சிதைவு. மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலும் தினமும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று சோர்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தே ஆக வேண்டும்.

இணையத்தில் பட்டியலைப் பார்த்துத் தனக்கோ மாமியாருக்கோ நோய் கண்டுபிடிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அறிகுறிகளுக்கு நேரே டிக் அடிப்பார்கள், கீழே இருக்கும் நிபந்தனைகளைப் படிக்க மாட்டார்கள். வேலை, படிப்பு, உறவு இவற்றில் எது பாதிக்கப்பட்டது? தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும், அதைப் பார்த்தாயிற்றா? புதிதாக ஏதாவது மாத்திரை, மது, போதைப்பொருள்? இவற்றைக் கழிக்காமல் மனநோய்ப் பெயரைச் சூட்டுவது அவசரம். நேரே கேட்பதென்றால், 'உங்களுக்கு என்ன பிரச்சினை?' என்பதைவிட, 'ஆறு மாதத்துக்கு முன் சாதாரணமாகச் செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்ய முடியவில்லை?' என்று கேட்டால் தெளிவான பதில் வரும்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற படிவம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பொதுவாக 10ஐத் தொட்டால் விரிவான பரிசோதனை தேவை என்பார்கள். அது சல்லடை மட்டுமே. பெயர் சூட்டும் கருவி இல்லை. ஆனால் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்பது. மொத்தம் 6தான் வந்திருக்கிறது, ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் 1 என்றால், கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன இரண்டு வாரம், ஆறு மாதம் எதுவும் அதற்குப் பொருந்தாது. அன்றைக்கே அவரிடம் நேராகக் கேட்டு, தனியாக விடாமல், மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.