லாபியிஸ்ட் என்பவர் தரகரா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அரசியல் பற்றிய கட்டுரையில் 'லாபியிஸ்ட்' என்று அப்படியே எழுதியிருந்தீர்கள். 'அரசியல் தரகர்' என்றால் எல்லோருக்கும் புரியுமே? 'பரப்புரையாளர்' சரி என்கிறார் ஒரு நண்பர். இன்னொரு சந்தேகம்: 'ஒரு லாபி வேலை செய்துதான் அவருக்கு விருது கிடைத்தது' என்கிறோமே, அதுவும் இதே சொல்தானா?

ச.

அன்புள்ள ச.,

'தரகர்' என்றுதான் நானும் முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். தரகர் இருவருக்கு நடுவில் நிற்பவர். வீட்டை விற்பவரிடமும் கமிஷன் வாங்குவார், வாங்குபவரிடமும் வாங்குவார். லாபியிஸ்ட் ஒரு பக்கத்து ஆள். மருந்து நிறுவனமோ தொழிற்சங்கமோ அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது, அவர் அவர்களுக்காகச் சட்டம் போடுகிறவர்களிடம் போய்ப் பேசுகிறார். அவையில் போடும் ஓட்டுக்காக உறுப்பினரிடம் பணத்தை நீட்டினால் அதன் பெயர் லஞ்சம். ஆனால் 'அரசியல் தரகர்' என்று படித்த உடனே நம் மனதில் பெட்டி கைமாறிவிடுகிறது! பரப்புரையாளர் ஊர் கேட்கப் பேசுபவர். இவரோ பெரும்பாலும் முடிவெடுக்கிற சிலரின் காதில் பேசுபவர்.

கொஞ்சம் கிட்டே வருவது 'சிபாரிசு'. அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சிபாரிசுக்குப் போகிறவர், விதி இருக்கட்டும், நம்ம பையனுக்கு மட்டும் கொஞ்சம் பாருங்கள் என்பார். லாபியிஸ்ட் விதியையே மாற்றச் சொல்வார், அல்லது மாற்றாமல் இருக்கச் சொல்வார்.

லாபி என்றால் கூடம். லண்டன் நாடாளுமன்றத்தின் மைய லாபி எண்கோண மண்டபம். தொகுதிக்காரர் அங்கே போய் ஒரு பச்சை அட்டையை நிரப்பிக் கொடுத்து, தன் உறுப்பினரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். அவர் வந்தால் அதிர்ஷ்டம். இப்படிக் கூடத்தில் நின்று ஆளைப் பிடிப்பதை வினைச்சொல்லாக்கிப் புழங்கவிட்டவர்கள் அமெரிக்கர்கள். யுலிசிஸ் கிராண்ட் என்ற அமெரிக்க ஜனாதிபதி, ஓட்டல் கூடத்தில் சுருட்டுப் பிடிக்கும்போது மனுவோடு மொய்த்தவர்களுக்கு வைத்த பெயர்தான் 'லாபியிஸ்ட்' என்று ஒரு கதை சுற்றுகிறது. நல்ல கதைதான். ஆனால் அவர் பதவிக்கு வந்தது 1869-இல். சொல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1995-இல் வந்து 2007-இல் இறுக்கப்பட்ட சட்டப்படி, கூட்டாட்சி அளவில் இந்தத் தொழில் செய்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். யாருக்காக, எந்த விஷயத்தில், எவ்வளவு பணம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் இங்கே அதே வேலையைச் செய்பவரின் விசிட்டிங் கார்டில் 'ஆலோசகர்' என்றோ 'மக்கள் தொடர்பு' என்றோ இருக்கும். தொழிலுக்கே பெயர் இல்லாதபோது தமிழ்ச்சொல் எங்கிருந்து வரும்? அதனால்தான் 'லாபியிஸ்ட்' என்றே விட்டேன்.

சரி, விருது விஷயம். சொல் அதேதான், ஆனால் தமிழில் வேறு வேலை பார்க்கிறது. 'அந்த லாபி' என்று நாம் சொல்லும்போது யார், எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வராது. முகம் தெரியாத கும்பலுக்கு அது பெயராகிவிட்டது. வதந்திக்கு ரொம்ப வசதி. ஆள் தெரிந்தால் பெயரைச் சொல்லலாம், கூட்டமாக இருந்தால் 'கோஷ்டி' என்று நல்ல பழைய சொல் இருக்கிறது. கோஷ்டிக்கு ஒரு தலைவராவது இருப்பார்.

உங்கள் கடிதம் வந்த பிறகு பழைய கட்டுரைகளைத் தேடிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நானே 'ஒரு லாபி' என்று எழுதியிருக்கிறேன். ஒன்றைக் 'கோஷ்டி' என்று மாற்றிவிட்டேன். இன்னொன்றில் யாரைச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, வரியை எடுத்துவிட்டேன்.