சொந்த வீடியோ சர்வர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தையல் பயிற்சி வீடியோக்களை யூடியூபை மட்டுமே நம்பி வைத்திருக்க மனமில்லை. பியர்டியூப் சர்வர் வைக்க என்ன வேண்டும்?

பதில்: தாராளமாக வையுங்கள். சொந்தமாக வீடியோ தளம் நடத்துவதற்காக பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் இது; 1.0 பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. உங்கள் அளவுக்கு 2 கோர், 2 ஜிபி ரேம் கொண்ட வாடகை சர்வர் போதும். யோசிக்க வேண்டியது டிஸ்க்கைப் பற்றித்தான். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் ஓடும் ஒரு மணி நேர வீடியோ 1.8 ஜிபி பிடிக்கும். அதையே 720, 480, 360 அளவுகளிலும் மாற்றி வைப்பதால் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் எச்எல்எஸ் (வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை), வெப் வீடியோ (ஒரே கோப்பாக அனுப்பும் முறை) இரண்டையும் டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு அளவும் இரண்டு தடவை சேமிக்கப்படும். டிஸ்க் நிறைந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எச்எல்எஸ் மட்டும் போதும்.

டொமைன் பெயரை நிறுவுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் உங்கள் தரவுத்தளத்தைச் சரிசெய்ய ஸ்கிரிப்ட் இருக்கிறது; ஆனால் உங்களைப் பின்தொடரும், அதாவது உங்கள் வீடியோக்களைத் தங்கள் தளத்திலும் காட்டும் மற்ற சர்வர்களில் பழைய முகவரிதான் நிற்கும்.

கேள்வி: வீடியோ ஏறிவிடுகிறது, டிரான்ஸ்கோடிங் (வெவ்வேறு அளவுகளுக்கு மாற்றும் வேலை) மட்டும் மணிக்கணக்கில் இழுக்கிறது. பெரிய சர்வர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 5.2 பதிப்பிலிருந்து அந்த வேலையை வேறு கணினிக்கு ஒப்படைக்கலாம். வீட்டில் நல்ல கணினி இருந்தால் அதில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளையும், சர்வரின் வேலையை வாங்கிச் செய்யும் பியர்டியூப் ரன்னரையும் நிறுவி, நிர்வாகப் பக்கத்தில் கிடைக்கும் டோக்கனை (ரகசியக் குறியீடு) கொடுத்துப் பதிவு செய்யுங்கள். ரன்னரே சர்வரைத் தொடர்புகொண்டு வேலை கேட்கும் என்பதால் வீட்டு ரவுட்டரில் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: ரிமோட் ரன்னரை இயக்கிவிட்டால் சர்வர் தானாக டிரான்ஸ்கோடிங் செய்யாது. வீட்டுக் கணினி அணைந்திருந்தால் வீடியோக்கள் வரிசையில் காத்துக்கிடக்கும்.

கேள்வி: பியர்டியூபோடு இணைந்து இயங்கும் மாஸ்டடான் சமூக வலைத்தளத்தில் எங்கள் சேனல் தெரிகிறது, பழைய வீடியோக்கள் இல்லை. மேலும், எங்கள் சர்வர் நின்றுவிட்டால் மற்ற சர்வர்களில் வீடியோ இருக்கும்தானே?

பதில்: அந்த மாஸ்டடான் சர்வரில் ஒருவராவது உங்கள் சேனலைப் பின்தொடரத் தொடங்கிய பிறகு வெளியிடுபவைதான் அங்கே போய்ச் சேரும். பழையது வேண்டுமென்றால், மாஸ்டடானில் லாகின் செய்து அந்த வீடியோவின் இணைப்பைத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள், வந்துவிடும்.

இரண்டாவது விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மற்ற சர்வர்களுக்குப் போவது தலைப்பு, விவரம், முகப்புப் படம்தான். வீடியோ கோப்பு உங்களிடமே இருக்கும். இன்னொரு நிர்வாகி ரிடண்டன்சி வசதியை இயக்கி உங்கள் வீடியோவைத் தன் சர்வரிலும் வைத்துக்கொள்ளலாம்; அதுவும் அவர் ஒதுக்கிய இடம் வரைக்கும்தான், பேக்கப் ஆகாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ஸ்டோரேஜ் ஃபோல்டர், கான்ஃபிக் கோப்பு மூன்றையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் முழுதாக மீட்க முடியாது.

கேள்வி: பார்ப்பவர்களின் ஐபி முகவரி மற்றவர்களுக்குத் தெரியுமா?

பதில்: பி2பி (பார்ப்பவர்களின் கணினிகளே வீடியோவின் துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை) இயங்கினால், அதே நேரத்தில் அதே வீடியோவைப் பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடும். பார்ப்பவர் தன் அமைப்புகளில் அதை நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் சர்வர் முழுமைக்குமே நிறுத்தலாம். நிறுத்தினால் பார்ப்பவர் அத்தனை பேருக்கும் உங்கள் சர்வரே வீடியோவை அனுப்ப வேண்டியிருக்கும்.