ஜூன் 30க்குள், முற்பகலில்

வணக்கம் அம்மா,

மகளுக்குச் சென்னையில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தச் சந்தோஷம் முதல் பத்தியோடு தீர்ந்துபோய், மீதி மூன்று பக்கமும் பயமாகவே இருக்கிறது. ஆர்டரில் 'முற்றிலும் தற்காலிகமானது' என்று போட்டிருக்கிறார்களே, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வரி நிரந்தரப் பணியிட ஆர்டரிலும் வரும். தகுதிகாண் பருவம் (புரொபேஷன்) முடிகிறவரை எல்லோரும் காகிதத்தில் தற்காலிகம்தான். நீங்கள் பார்க்க வேண்டியது சம்பள வரியை. 'தொகுப்பூதியம்' என்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை, ஊதிய உயர்வு கிடையாது, ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நீங்கள் அனுப்பிய நகலில் 'நிலை 8' என்றும் 19,500 ரூபாயில் தொடங்கும் என்றும் இருக்கிறது. அரசுப் பணியில் இளநிலை உதவியாளருக்குள்ள, ஆண்டுதோறும் உயர்கிற காலமுறை ஊதியம் அதுதான். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணிக்காலத்தைப் பழுதில்லாமல் முடித்தால் தகுதிகாண் பருவமும் முடிந்துவிடும். அந்த வரியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயப்பட வேண்டிய விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஜூலை முதல் வாரத்தில் நல்ல நாள் பார்த்திருக்கிறோம், ஆடி பிறப்பதற்குள் சேர்ந்துவிடுவாள் என்று. தயவுசெய்து ஜூன் 30க்குள் சேரச் சொல்லுங்கள். நம் மாநில அரசு விதியில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில்தான் வரும். எந்தக் காலாண்டில் சேர்ந்தாரோ அந்தக் காலாண்டின் முதல் நாள்தான் கணக்கு. ஜூன் 30 அன்று சேர்ந்தவருக்கு ஒவ்வொரு ஏப்ரல் 1லும் உயர்வு வரும். ஒரு நாள் தள்ளி ஜூலை 1 அன்று சேர்ந்தவர் அடுத்த ஜூலை வரை காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று மாத உயர்வு நஷ்டம், ஓய்வு பெறுகிறவரை. ஜூனிலும் வளர்பிறை வரும், ஜோசியரை இன்னொரு முறை கேளுங்கள்.

சேரும்போது முற்பகலில் சேர வேண்டும். பணியேற்பு அறிக்கையில் 'முற்பகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் அன்றைய சம்பளம் உண்டு. பிற்பகல் என்றால் மறுநாளிலிருந்துதான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த தம்பி ஒருவன் காலை ஒன்பது மணிக்கே போய் நின்றான், ஆனால் வேறு வளாகத்தில். பெரிய பல்கலைக்கழகம் என்றால் ஒரே மதில் சுவருக்குள் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சேப்பாக்கத்தில் மட்டுமல்ல, கிண்டி, தரமணி, மதுரவாயலிலும் வளாகம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் கிண்டியில் இருக்க, அதைச் சேர்ந்த எம்.ஐ.டி. வளாகம் குரோம்பேட்டையில். ஆர்டரில் யார் முன்பு ஆஜராக வேண்டும், எந்த வளாகம் என்று போட்டிருப்பதை இரண்டு முறை படித்துவிட்டு, முந்தின நாளே அந்த வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

அசல் சான்றிதழ்கள், மருத்துவத் தகுதிச் சான்று, போட்டோ இதெல்லாம் ஆர்டரிலேயே இருக்கும். அதில் இல்லாத ஒன்று இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அதே எழுத்து பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். முதல் சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுவும் ஒன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றதையெல்லாம் இப்போதே மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். எப்படியும் முதல் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும் என்று நம்பி அவளை அனுப்ப வேண்டாம். இரண்டு மாத விடுதிச் செலவுக்குக் கையில் பணம் இருக்கட்டும்.

சேர்ந்த பிறகு பணிப்பதிவேடு தொடங்குவார்கள். ஆபீசில் எஸ்.ஆர். என்பார்கள். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, சாதி, கல்வித் தகுதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பிள்ளைகள்தான் அதிகம். பிறந்த தேதியில் தவறிருந்தால் திருத்தக் கேட்பதற்கு அரசு விதிப்படி பணியில் சேர்ந்து 5 ஆண்டுதான் அவகாசம். ஓய்வுபெறும் நேரத்தில் கண்டுபிடித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நின்று நிதானமாகப் படிக்கட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி வேலை. 'அவளுக்கு இங்கிலீஷ் சரளமாக வராதே' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆறு மாதத்தில் வந்துவிடும். வராமல் போகக்கூடியது வேறொன்று, ஒரு காகிதம் எங்கே போகிறது என்கிற ஞாபகம். நான் சொல்வது புரிய என் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆலோசகன் ஆவதற்கு முன்னால் நானும் ஒரு பல்கலைக்கழகத்தில் குமாஸ்தாதான். பெயர் வேண்டாம். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தபால் வந்ததும் அன்றன்றே தன்பதிவேட்டில், அதாவது அவரவர் இருக்கைக்கு வரும் தபாலுக்கான பதிவேட்டில், எண் போட்டு ஏற்ற வேண்டும் என்று சொல்லித்தந்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த தபால் கட்டை, திங்களன்று ஏற்றிக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அதில், வேறு பல்கலைக்கழகத்தில் சேர இடப்பெயர்வுச் சான்றிதழ் கேட்டு ஒரு மாணவன் போட்ட விண்ணப்பம் இருந்தது. திங்களன்று அது வேறொரு தடித்த கோப்பின் நாடாவுக்குள் சிக்கிக்கொண்டது, எனக்குத் தெரியாது. பையனின் அப்பா தர்மபுரியிலிருந்து மூன்று முறை பஸ் ஏறி வந்தார். மூன்று முறையும் 'எங்களுக்கு வரவில்லை' என்று நான்தான் சொன்னேன். மூன்றாம் முறை அவர் சட்டைப் பையிலிருந்து பதிவுத் தபால் ஒப்புகை அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது எங்கள் பிரிவு முத்திரை. கண்காணிப்பாளர் என்னைத் திட்டவில்லை. தன்பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்து, 'நம்பர் சொல்லுப்பா' என்றார். சொல்ல எண் இல்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் முதல் மூன்று மாதம் உங்கள் மகளுக்கு ஒரே வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். ஏதாவது ஒரு விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகட்டும். மதிப்பெண் பட்டியலைத் தொலைத்துவிட்டு நகல் கேட்பவரின் விண்ணப்பம் நல்ல பாடம். தபால் பிரிவில் முத்திரை விழுந்து அவள் இருக்கைக்கு வரும். போலீஸ் சான்று இருக்கிறதா, கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறதா என்று பார்த்து, பழைய பதிவேட்டில் மதிப்பெண்ணை ஒப்பிட்டு, குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். பிரிவு அலுவலர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர் என்று ஏறும். சில கோப்பு பதிவாளரோடு நிற்கும், சில துணைவேந்தர்வரை போகும். தேர்வு சம்பந்தப்பட்டது என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பணம் என்றால் நிதி அலுவலர். எது யாரோடு முடியும் என்று தெரிந்தவரைத் தேடித்தான் பிரிவில் எல்லோரும் வருவார்கள். அவருக்கு இங்கிலீஷ் எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

குறிப்பு எழுதுவதற்கும் தனி இலக்கணம் தேவையில்லை. மனுதாரர் என்ன கேட்கிறார், விதி என்ன சொல்கிறது, இதற்கு முன் இப்படி வந்தபோது என்ன செய்தோம், இப்போது என்ன செய்யலாம். இவ்வளவுதான். மூன்றாவதற்குப் பழைய கோப்பைத் தேடி எடுக்கும் பொறுமை வேண்டும். பதிவறையில் இருக்கிற மூத்த உதவியாளரிடம் 'அண்ணா' என்று கேட்டால் எந்த அலமாரி என்று சொல்லிவிடுவார். வாய்மொழியாக யார் எது சொன்னாலும், 'குறிப்பில் எழுதிக் கொடுங்க சார்' என்று பணிவாகக் கேட்கப் பழக வேண்டும். உள்ளாட்சி நிதித் தணிக்கை வருடங்கள் கழித்து வந்து கேட்கும்போது, சொன்னவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், எழுதியவள்தான் பதில் சொல்ல வேண்டும். தகவல் உரிமைச் சட்ட மனு அவள் இருக்கைக்கு வந்தால் 30 நாள் கெடு. வந்த தேதியைச் சிவப்பில் குறித்துவைக்கட்டும்.

வருடம் முழுக்க ஒரே மாதிரி வேலை இருக்காது. ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பர், டிசம்பரிலும் தேர்வுப் பிரிவில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த மாதங்களில் அக்கா மகள் கல்யாணம் என்று ஒரு வாரம் லீவு கேட்க வைக்காதீர்கள். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான், அதைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வர மிச்சம் வைத்துக்கொள்ளட்டும்.

பெண் பிள்ளை, தெரியாத ஊர், பெரிய இடம் என்று பயப்படுகிறீர்கள், நியாயம்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் அறிவிப்புப் பலகையில் இருக்கும். முதல் வாரத்திலேயே அதைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேவைப்படாமலே போகட்டும்.

குரூப் 2 தேர்வுக்கும் தொடர்ந்து படிப்பாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கட்டும். ஆனால் இனி அவள் விண்ணப்பிக்கும்போது அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தொலைநிலையில் எம்.காம். சேர்ந்தாலும் முன் அனுமதி வேண்டும், இல்லையென்றால் அந்தப் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற மறுப்பார்கள். பதவி உயர்வுக்கு எந்தத் துறைத் தேர்வு எழுத வேண்டும் என்பதையும் பணியாளர் விவகாரங்களைப் பார்க்கிற பணியமைப்புப் பிரிவில் இப்போதே கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக, சேருகிற அன்று நீங்களும் கூடப் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. வாசல்வரை போங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வெளியே வரும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருங்கள். பிரிவுக்குள் போய்க் கண்காணிப்பாளரிடம் 'என் பொண்ணைப் பார்த்துக்கங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் அங்கே பத்து வருடத்துக்குக் குழந்தையாகவே இருப்பாள். மத்தியானம் கேன்டீனில் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பஸ்சுக்கு நீங்கள் மட்டும் டிக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.