வாசகர் கேள்வி: ஆளில்லாக் கப்பல், நடந்த சிலைகள், ஆவாரை போட்ட உருக்கு

வாசகி, கும்பகோணம்: மேரி செலஸ்ட் கப்பலில் ஒரு ஆள்கூட இல்லை, ஆனால் மேசையில் தேநீர் ஆவி பறக்க இருந்தது என்று படித்தேன். அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

முதலில் அந்தத் தேநீரைக் கொட்டிவிடுவோம். அசோரஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே அந்தக் கப்பல் தள்ளாடிக்கொண்டு போனதை 1872 டிசம்பர் 4 அன்று 'டெய் கிராட்டியா' என்ற கப்பல் கண்டது. அதன் துணை அதிகாரி ஆலிவர் டெவோ மேலே ஏறிப் பார்த்தார். பார்த்ததைப் பிறகு ஜிப்ரால்டர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னார். சமைத்த உணவு எதுவும் இல்லை, சமையலறை அடுப்பு இடம் பெயர்ந்து கிடந்தது, படுக்கைகள் ஈரம். தேநீரும் தொடாத காலைச் சாப்பாடும் பிற்காலத்தில் சேர்த்த சரக்கு. 1884இல் ஆர்தர் கானன் டாயில் எழுதிய கதையில் படகுகள் கப்பலிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாக வரும். உண்மையில் மேரி செலஸ்டின் ஒரே படகைக் காணவில்லை. இதைத் திருத்திக்கொண்டாலே பாதி மர்மம் தீர்ந்துவிடுகிறது. பத்துப் பேரும் படகில் இறங்கிப் போயிருக்கிறார்கள். ஏன் இறங்கினார்கள் என்பதுதான் மிச்சம்.

அந்தப் பத்துப் பேர்: கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ், மனைவி சாரா, இரண்டு வயது மகள் சோஃபியா, மாலுமிகள் ஏழு பேர். நவம்பர் 7 அன்று நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குப் புறப்பட்டார்கள். சரக்கு 1,701 பீப்பாய் ஆல்கஹால். கப்பலின் கடைசிக் குறிப்பு நவம்பர் 25 காலை 8 மணிக்கு எழுதியது, அசோரஸின் சாந்தா மரியா தீவு அருகில் தெரிகிறது என்று. டெவோ ஏறிய இடம் அங்கிருந்து ஏறக்குறைய 400 கடல் மைல். அதாவது ஒன்பது நாள் சுக்கான் பிடிக்க ஆளில்லாமல் ஓடியிருக்கிறது.

இனி மேல்தளத்தைப் பாருங்கள். இரண்டு பம்புகளில் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தண்ணீர் ஆழம் பார்க்கும் கோல் கிடந்தது. சரக்கறையில் மூன்றரை அடித் தண்ணீர். முன்பக்க மூடியும் பின்பக்கச் சிறு மூடியும் திறந்திருந்தன, நடுவிலுள்ள பெரிய மூடி மட்டும் மூடியே இருந்தது. க்ரோனோமீட்டர் கடிகாரம், செக்ஸ்டண்ட், கப்பல் பத்திரங்கள் இல்லை. மாலுமிகளின் மழைக்கோட்டும் புகைக்குழாயும் இருந்தன, ஆறு மாதச் சாப்பாடும் இருந்தது. அவசரமாக இறங்கியவர்கள், ஆனால் புத்தி தடுமாறி இறங்கியவர்கள் அல்ல. வழி கண்டுபிடிக்க எது வேண்டுமோ அதை மறக்காமல் எடுத்திருக்கிறார்கள்.

பீப்பாய் அடுக்கி நிரம்பிய சரக்கறையில் தண்ணீர் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க முடியாது. பம்புக் குழாய்க்குள் கோலை விட்டுத்தான் அளக்க வேண்டும். இந்தக் கப்பல் அதற்கு முன் நிலக்கரி ஏற்றியிருக்கிறது, அதே வருடம் பெரிய மரவேலையும் நடந்திருக்கிறது. கரித்தூளும் மரத்தூளும் அடியில் தங்கிப் பம்பை அடைத்திருந்தால் தண்ணீர் வெளியே வராது, உள்ளே எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கும் பிடிபடாது. கூடவே ஆல்கஹால் ஆவி. ஜெனோவாவில் சரக்கை இறக்கியபோது ஒன்பது பீப்பாய் காலியாக இருந்தன. அவை சிவப்பு ஓக் மரத்தில் செய்தவை என்று சொல்வார்கள். வெள்ளை ஓக்கின் நுண்குழாய்கள் தாமாகவே அடைபட்டிருக்கும், சிவப்பு ஓக்கில் திறந்திருக்கும், கசியும்.

ஆவி தீப்பற்றி வெடித்திருந்தால் கரி பிடித்திருக்குமே என்று கேட்கலாம். பிடிக்க வேண்டியதில்லை. 2006இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் வேதியியலாளர் ஆண்ட்ரியா செல்லா சரக்கறையின் மாதிரியைச் செய்து, வாயுவை நிரப்பிக் கொளுத்திக் காட்டினார். பெரிய தீப்பந்து எழுந்தது, பீப்பாய்க்குப் பதிலாக வைத்த காகிதப் பெட்டிகள் கருகக்கூட இல்லை. இருந்தாலும் பெரிய மூடி அசையாமல் இருந்ததை வைத்துப் பார்த்தால் வெடிப்பைவிட பயமே எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது. கண்ணெதிரே தீவு, அளக்க முடியாத தண்ணீர், மூக்கில் ஏறும் நெடி, மடியில் குழந்தை. கொஞ்ச நேரம் படகில் விலகி நின்று பார்ப்போம் என்று கேப்டன் முடிவு செய்திருக்கலாம்.

பாயை ஏற்றி இறக்கும் முக்கியமான கயிறு அறுந்து, அதில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. அதைத்தான் கப்பலுக்கும் படகுக்கும் நடுவே கட்டியிருப்பார்கள் என்பது பலருடைய கணிப்பு. காற்று பிடித்தால் பாய் விரித்த கப்பல் இழுக்கும், கயிறு அறுந்தால் துடுப்பால் எட்டிப்பிடிக்க முடியாது.

ஜிப்ரால்டரில் கொலை நடந்ததாகவும் சந்தேகித்தார்கள். கப்பலில் கிடந்த வாளில் இருந்த கறையைச் சோதித்தபோது அது ரத்தம் இல்லை என்று தெரிந்தது. கண்டெடுத்தவர்களுக்கு 1,700 பவுண்டு பரிசு கிடைத்தது, கப்பல் சரக்கின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். சந்தேகம் முழுதாக விலகவில்லை என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி.

வாசகர், விருதுநகர்: எகிப்து மன்னர் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தவர்களைச் சாபம் பிடித்தது உண்மையா?

இல்லை. பணம் கொடுத்து உதவிய கார்னார்வன் பிரபு, கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தியால் கீறிக்கொண்டார். அதில் சீழ் வைத்து, நிமோனியாவும் சேர்ந்து 1923 ஏப்ரல் 5 அன்று கெய்ரோவில் இறந்தார். பெனிசிலின் இல்லாத காலம், ஏற்கெனவே உடல் நலிந்த மனிதர். கல்லறைச் செய்திகளை லண்டன் டைம்ஸுக்கு மட்டும் என்று அவர் ஒப்பந்தம் போட்டிருந்ததால் மற்ற பத்திரிகைகளுக்கு எழுத எதுவும் இல்லாமல் இருந்தது. அந்த இடத்தைச் சாபம் நிரப்பியது. முதலில் நுழைந்தவர்களில் ஒருவரான அவர் மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். தோண்டிய ஹோவார்ட் கார்ட்டர் இறந்தது 1939இல். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, அப்போது எகிப்திலிருந்த 44 மேல்நாட்டவரை எடுத்துக்கொண்டது. திறக்கும்போது உடனிருந்த 25 பேரின் சராசரி ஆயுள் 70, மற்றவர்களுடையது 75. அந்த வித்தியாசம் தற்செயலுக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

வாசகர், மதுரை: கிளம்பிய அன்றே மூழ்கிய ஸ்வீடன் போர்க்கப்பலில் என்ன பிழை நடந்தது?

வாசா. 1628 ஆகஸ்ட் 10, ஸ்டாக்ஹோம். ஏறக்குறைய 1,300 மீட்டர்தான் போனது. ஒரு காற்று வீசியது, சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்த காற்றில் மறுபடி சாய்ந்தபோது கீழ்வரிசைப் பீரங்கி ஜன்னல்கள் தண்ணீரைத் தொட்டன. மரியாதைக் குண்டு வெடித்த கையோடு அவற்றைத் திறந்தே வைத்திருந்தார்கள். கதை முடிந்தது, ஏறக்குறைய 30 பேர் இறந்தார்கள்.

பிழை காற்றில் இல்லை, கட்டுமானத்தில் இருந்தது. 69 மீட்டர் நீளத்துக்கு அகலம் 12 மீட்டருக்கும் குறைவு. அதன் மேல் இரண்டு அடுக்கில் 64 வெண்கலப் பீரங்கிகள். கப்பல் நிமிர்ந்து நிற்க அடிவயிற்றில் கல் போடுவார்கள், வாசாவில் அது 120 டன். இன்னும் போட்டிருக்கலாமே என்றால், போட்டால் கப்பல் மேலும் அமிழ்ந்து அந்த ஜன்னல்கள் இன்னும் தண்ணீர்ப்பக்கம் இறங்கியிருக்கும். மேலே ஏற்றிய பாரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. ஆனால் பீரங்கி வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று போர்முனையிலிருந்து மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

எங்களுக்கு மனம் பொறுக்காத இடம் இது: புறப்படும் முன்பே இந்தக் குறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடவிட்டார்கள். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, விட்டால் கவிழ்ந்துவிடும் என்று நிறுத்தினார்கள். சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. கட்டத் தொடங்கிய டச்சுத் தச்சர் ஹென்ரிக் ஹிபர்ட்சன் முந்தைய வருடமே இறந்துவிட்டார். விசாரணையில் யாருக்கும் தண்டனை இல்லை.

1961இல் தூக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே கிடந்த அளவுகோல்களில் சில ஸ்வீடன் அடி, 12 அங்குலம். சில ஆம்ஸ்டர்டாம் அடி, 11 அங்குலம். இடது வலது கட்டுமானம் ஒத்துப்போகாததற்கு அது ஒரு காரணம். 333 வருடம் மரம் மட்காமல் இருந்ததற்கு பால்டிக் கடலின் உப்புக் குறைவு காரணம், மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே பிழைக்காது. வெளியே எடுத்ததும் அப்படியே உலரவிட்டிருந்தால் சுருங்கி வெடித்திருக்கும். மரத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலை 17 வருடம் விடாமல் தெளித்தார்கள்.

வாசகி, யாழ்ப்பாணம்: ஈஸ்டர் தீவில் அத்தனை பெரிய கற்சிலைகளைச் சக்கரமும் மாடும் இல்லாமல் எப்படிக் கொண்டுபோனார்கள்?

இரும்பு பீரோவை மூலைக்கு மூலை ஆட்டி ஆட்டி நகர்த்துவோமே, அப்படித்தான் என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம். சிலைகள் நடந்து போயின என்றுதான் அந்தத் தீவு மக்களே சொல்லிவந்தார்கள். வந்தவர்கள் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள்.

தொல்லியல் ஆய்வாளர்கள் டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ இருவரும் 4.35 டன் எடையில் ஒரு மாதிரிச் சிலை செய்து பார்த்தார்கள். தலையில் இரண்டு கயிறு, இடமும் வலமும் மாறி மாறி இழுக்க. பின்னால் ஒரு கயிறு, முகம் குப்புற விழாமல் பிடிக்க. 18 பேர், 40 நிமிடம், 100 மீட்டர். சூட்சுமம் அடிப்பாகத்தில் இருக்கிறது. வழியில் விட்டுப்போன சிலைகளின் அடி முன்பக்கம் வளைந்து, உடல் முன்னே சாய்ந்திருக்கும். ஆட்டினால் தானாக ஒரு எட்டு முன்னே வைக்கும். மேடையில் ஏறி நின்ற சிலைகளில் இந்தச் சாய்வைச் செதுக்கிச் சரிசெய்திருக்கிறார்கள். வழியில் உடைந்து கிடப்பவற்றில் இறக்கத்தில் விழுந்தவை பெரும்பாலும் குப்புறவும், ஏற்றத்தில் விழுந்தவை மல்லாந்தும் கிடக்கின்றன. நிற்க வைத்து நகர்த்திய பொருள்தான் அப்படி விழும். இதே முறையில் 80 டன் சிலையை நகர்த்தினார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ரானோ ரராக்கு குவாரியில் ஏறக்குறைய 400 சிலைகள் வெளியே வராமலே நிற்கின்றன.

வாசகர், ஈரோடு: டமாஸ்கஸ் வாளுக்கு நம் ஊர் இரும்பு போனதாகச் சொல்கிறார்களே, அந்த ரகசியம் தொலைந்தே போய்விட்டதா?

தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன உருக்கு உண்மை. உங்கள் மாவட்டத்துக் கொடுமணலிலேயே பழைய உருக்குத் தொழிலின் தடயம் கிடைத்திருக்கிறது. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதியது கன்னட 'உக்கு', நம் 'உருக்கு' வழி வந்த சொல்.

செய்முறையை, பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்த ஜோசையா ஹீத் 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். களிமண்ணோடு கரித்த உமி பிசைந்து, உலோகம் உருக்கும் மூசை செய்வார்கள். உள்ளே இரும்புத் துண்டுகள், எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே இரண்டொரு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்துக் காயவைப்பார்கள். இருபது இருபத்துநாலு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, துருத்தி போட்டு இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். கட்டையும் இலையும் கரியாகி இரும்புக்குள் ஏறும். சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கார்பன் ஏற ஏற அந்தத் தேவை இறங்கும். அதனால்தான் மண் உலையில் இது சாத்தியமானது. ஆறியபின் மூசையை உடைத்தால் கட்டி வரும். மேற்பரப்பில் நடுவிலிருந்து கதிர்போல் கோடுகள் ஓடினால் முழுதாக உருகியிருக்கிறது. தேன்கூடு மாதிரி ஓட்டையும் மேடுமாக இருந்தால் உள்ளே பச்சை இரும்பு மிச்சம் இருக்கிறது, அது வாளுக்கு ஆகாது.

அடிப்பதிலும் ஒரு கண்டம் உண்டு. வழக்கமான இரும்பைப்போல வெண்சூட்டில் வைத்து அடித்தால் இந்த உருக்கு நொறுங்கிவிடும், கார்பன் 1.5 சதவீத அளவுக்கு இருப்பதால். ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் தோற்ற இடம் இதுதான். செந்நிறச் சூட்டிலேயே, பலமுறை காய்ச்சிப் பொறுமையாக நீட்ட வேண்டும். முடிந்தபின் அமிலம் தடவினால், டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நீரோட்டம் போன்ற வரிகள் எழும்பும்.

அந்த வரி எப்படி வருகிறது என்பதை ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரும் 1990களில் செய்தே காட்டினார்கள். வனேடியம் போன்ற கலப்பு லட்சத்தில் நாலைந்து பங்கு இருந்தால் போதும், ஒவ்வொரு சூட்டிலும் இரும்பும் கார்பனும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கலப்பு உள்ள தாது தீர்ந்தபோது அதே கை, அதே உலை, ஆனால் வரி வரவில்லை. பழகிய கொல்லர்களுக்கே காரணம் பிடிபடாமல் தொழில் அற்றது என்பது அவர்கள் கருத்து. எங்களுக்கும் அது ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இன்று கடையில் 'டமாஸ்கஸ்' என்று விற்கும் கத்தி பெரும்பாலும் வேறு பொருள். இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து அடித்தது. முதுகுப்புறத்தை உற்றுப் பாருங்கள், தகடு தகடாக அடுக்கு தெரியும்.