வாசகர் கேள்வி பதில்: எட்டா, ஐந்தா? எத்தனை பீஸில்?

கே: எங்கள் பனியன் கம்பெனியில் இரண்டு பவர் டேபிள் லைன் ஓடுகிறது. போன வாரம் செக்கிங்கில் லைனுக்கு 200 பீஸ் எடுத்துப் பார்த்தோம். ஏ லைனில் 16 டேமேஜ், அதாவது 8 சதவீதம். பி லைனில் 10, அது 5 சதவீதம். ஏ லைன்காரர்களுக்கு இந்த மாதம் இன்சென்டிவ் கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். இது சரிங்களா?
- செக்கிங் சூப்பர்வைசர், திருப்பூர்

ப: அவசரப்பட்டுவிட்டாருங்க. இரண்டு லைனும் ஒரே தரத்தில் தைத்தாலும், கட்டிலிருந்து 200 பீஸ் உருவினால் ஒரு நாள் 16 மாட்டும், இன்னொரு நாள் 11 மாட்டும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இந்த 3 அடங்கிவிடுகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். கால்குலேட்டர் போதும். இரண்டையும் சேர்த்தால் 400 பீஸில் 26 டேமேஜ், 6.5 சதவீதம். 0.065-ஐ 0.935-ஆல் பெருக்கி, அதை (1/200 + 1/200)-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 0.0247 வரும், இதுதான் திட்டப்பிழை, அதாவது தற்செயலாகவே வரக்கூடிய ஏற்ற இறக்கத்தின் அளவு. உங்கள் வித்தியாசம் 0.03. அதை இதால் வகுத்தால் சுமார் 1.2. வழக்கமாக 1.96-ஐத் தாண்டினால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று பேச ஆரம்பிப்பார்கள் (அதுவும் ஒரு வழக்கம்தான், வேதவாக்கு இல்லை). 1.2 என்றால், லைன் இரண்டும் சமமாகவே இருந்தாலும் நூற்றுக்கு 22 தடவை இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வரும். இதை வைத்து ஒருத்தர் சம்பளத்தில் கை வைக்கலாமா?

அதற்காக இரண்டு லைனும் சமம் என்று ஏ லைன்காரர்கள் கொண்டாடவும் முடியாது. உண்மையான வித்தியாசம் பி-க்குப் பாதகமாகக் கிட்டத்தட்ட 2-லிருந்து ஏ-க்குப் பாதகமாக 8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அவ்வளவுதான் 200 பீஸ் சொல்லும். இதே 8-ம் 5-ம் லைனுக்கு 2000 பீஸ் பார்த்து வந்திருந்தால் கதையே வேறு: வகுத்தால் 3.8, தற்செயலாக வர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று மாதிரி.

அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எந்த லைனில் என்ன ஸ்டைல் ஓடியது? ஏ லைனின் 200-ல் 150 காலர் வைத்த போலோ, 50 ரவுண்ட் நெக் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலோவில் 15 டேமேஜ், ரவுண்ட் நெக்கில் 1. பி லைனில் தலைகீழ்: போலோ 50-ல் 6, ரவுண்ட் நெக் 150-ல் 4. கூட்டிப் பாருங்கள், உங்கள் 16-ம் 10-ம்தான். ஆனால் போலோவில் ஏ 10 சதவீதம், பி 12. ரவுண்ட் நெக்கில் ஏ 2, பி 2.7. இரண்டு ஸ்டைலிலும் ஏ-வில்தான் டேமேஜ் கொஞ்சம் குறைவு, மொத்தத்தில் மட்டும் மோசமாகத் தெரிகிறது, கஷ்டமான வேலை அவர்கள் தலையில் விழுந்ததால்! இதை சிம்ப்சன் முரண் என்பார்கள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ல் ஆண் விண்ணப்பதாரர்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பாரபட்சம் என்று பேச்சு எழுந்து துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தது தெரியவந்தது. ஸ்டைல்வாரியாகப் பிரித்த தாளை முதலாளி டேபிளில் வையுங்கள்.

கே: 5-லிருந்து 8 ஆனதை ஒருவர் 3 சதவீதம் கூடிவிட்டது என்கிறார், இன்னொருவர் 60 சதவீதம் என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, ஈரோடு

ப: முதல் ஆள் 3 சதவீதப் புள்ளி என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டாமவர் கணக்கு சரி, ஆனால் பயமுறுத்தப் பார்க்கிறார்.

கே: சதவீதத்தை ஒப்பிட இசட் (z) சோதனையா, கை வர்க்கச் (chi-square) சோதனையா? பிராஜெக்டுக்கு வேண்டும்.
- கல்லூரி மாணவர், கோபி

ப: இரண்டு குழு என்றால் எதைப் போட்டாலும் ஒரே விடைதான் தம்பி, இசட்டை (முதல் பதிலில் வகுத்து வந்த 1.2 இருக்கிறதே, அதுதான்) வர்க்கப்படுத்தினால் கை வர்க்கம். மூன்று நான்கு குழு இருந்தால் கை வர்க்கம் போடு, கார்ல் பியர்சன் 1900-ல் கொடுத்தது. எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஏதாவது கட்டத்தில் 5-க்குக் கீழே போனால் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போய்விடு.

கே: பிராய்லர் ஷெட்டு இரண்டு, ஷெட்டுக்கு 5000 குஞ்சு. புதுத் தீவனம் போட்டதில் 200 செத்தது, பழையதில் 300. நீங்கள் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் 4.6 வருகிறது. புதுத் தீவனத்துக்கே மாறிவிடலாமா?
- கோழிப்பண்ணைக்காரர், பல்லடம்

ப: கணக்கு சரிங்க, ஆனால் அதை இங்கே போடக்கூடாது. ஒவ்வொரு குஞ்சும் தனித்தனியாகச் சாகிறது என்று நினைத்துப் போடும் கணக்கு அது. ஒரு ஷெட்டில் சீக்கு புகுந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும், தண்ணீர் லைன் அடைத்தால் அந்தப் பக்கம் மொத்தமும் வாடும். உங்களிடம் இருப்பது பத்தாயிரம் குஞ்சின் சாட்சி இல்லை, இரண்டு ஷெட்டின் சாட்சி. மேற்குப் பக்க ஷெட்டில் வெயில் தாக்கியதா, குஞ்சு ஒரே ஹேட்ச்சரியில் வந்ததா என்பதும் இதில் கலந்திருக்கிறது. அடுத்த பேட்ச்சில் தீவனத்தை ஷெட்டு மாற்றிப் போட்டுப் பாருங்கள், முடிந்தால் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு, எந்த ஷெட்டுக்கு எது என்று சீட்டுக் குலுக்கி. அதுவரை பழைய தீவனத்தையும் நிறுத்தவேண்டாம்.