முடிந்த வேலையா, கைவிடப்பட்ட வேலையா?

கேள்வி: நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் திறந்த மூல நிரலாக்கக் கருவி ஒன்றுக்கு ஆறு ஆண்டுகளாகப் புதிய பதிப்பே வரவில்லை. வேலை என்னவோ தடையின்றி நடக்கிறது. தொடரலாமா, மாற்றிவிட வேண்டுமா?

பதில்: புதிய பதிப்பு வரவில்லை என்ற ஒன்றுக்காகவே அதை ஒதுக்கிவிட வேண்டாம். டொனால்ட் குனூத் 1978-இல் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் இப்போது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வழுக்களை, அதாவது நிரலில் உள்ள பிழைகளைத் திருத்துவதோடு சரி. அப்படித் திருத்தும்போது அதன் பதிப்பு எண், பை (π) என்னும் கணித மாறிலியின் மதிப்பான 3.14159…-ஐ நோக்கி ஓர் இலக்கம் நீளும். அது முடிந்த வேலை. உங்கள் கருவியும் அப்படித்தானா என்பதை அதன் வழுப்பட்டியலே சொல்லிவிடும்: பிறர் அனுப்பிய திருத்தங்கள் ஆண்டுக்கணக்கில் சீந்துவாரின்றிக் கிடந்தால் அது கைவிடப்பட்ட வேலை.

அதன் மூலநிரலை எதுவும் நிறுவப்படாத ஒரு புதிய கணினியில், இன்றைய கம்பைலரைக் கொண்டு நீங்களே ஒருமுறை தொகுத்து, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றிப் பாருங்கள். நான் பார்த்தவரை, கருவி பழுதாவதற்கு முன்பே அதைத் தொகுக்கும் ஸ்கிரிப்ட் படுத்துவிடுகிறது; 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துபோன பைத்தான் 2 நிரல்மொழியை அது இன்னமும் தேடிக்கொண்டிருக்கும். பழைய சர்வரில் முன்பே தொகுத்துவைத்த பைனரி ஓடுகிறது என்ற தைரியம் அந்த சர்வர் இருக்கும் வரைதான்.

தொகுக்க முடியாமல் போனால், வேறு கருவிக்குத் தாவும் முன் யாரேனும் அதன் மூலநிரலை நகலெடுத்துத் தனிக் கிளையாகப் பிரித்து நடத்துகிறார்களா என்று தேடுங்கள். மூலநிரலில் உள்ள பெயர்களுக்கு அகரவரிசைக் குறிப்புப் பட்டியல் தயாரிக்கும் எக்ஸூபரண்ட் சிடேக்ஸ் என்ற கருவி 2009-இல் வெளிவந்த 5.8 பதிப்போடு நின்றுவிட, வேறு சிலர் அதையே யுனிவர்சல் சிடேக்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

கேள்வி: திறந்த மூலக் கருவி ஒன்றைப் பராமரிப்பவர் ஒருவரே, அவரும் சோர்ந்துவிட்டார். புதியவர் ஒருவர் பொறுப்பேற்க முன்வருவது நல்லதுதானே?

பதில்: பெரும்பாலும் நல்லதுதான், ஆனாலும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் கதையை மறந்துவிடக் கூடாது. சம்பளமின்றி ஓய்வு நேரத்தில் அதைப் பராமரித்து வந்தவரைப் பல கணக்குகளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்த வேளையில், ஒத்துழைப்பவர்போல் வந்து பொறுப்பில் அமர்ந்த ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுத்தனமாக உள்நுழைய ஒரு பின்வாசல் வைத்துவிட்டார். தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவது ஏன் என்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் குடைந்து பார்த்ததால்தான் 2024 மார்ச்சில் அது வெளிப்பட்டது. உங்கள் நிறுவனம் அந்தக் கருவியை நம்பியிருக்கிறதென்றால், வரும் திருத்தங்களைப் படித்துப் பார்க்க வாரத்தில் சில மணி நேரமாவது உங்களில் ஒருவரை அதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள்.