கத்திரி வெயிலில் பவளத் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை பிறந்தது முதல், வீட்டில் கடல்நீர்த் தொட்டியில் பவளமும் மீனும் வளர்ப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை தொட்டி நீரின் வெப்பத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒத்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் 200 லிட்டர் கடல்நீர் கொண்ட தொட்டிக்கானவை. உங்கள் தொட்டி இதைப்போல் இரு மடங்கானால், இத்தனை டிகிரி ஏறும், இத்தனை டிகிரி குறையும் என்று நான் கணக்கிட்டுச் சொல்வதை மட்டும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் மேல் இரண்டு சிறிய மின்விசிறிகள் வைத்திருக்கிறேன். மதுரையில் இருக்கும் நண்பருக்கு இதே ஏற்பாட்டில் நீர் 26 டிகிரியில் நிற்கிறது. எனக்கு 29-க்குக் கீழே இறங்கவே இல்லை. விசிறியில் குறையா? (வேளச்சேரி, சென்னை)

விசிறியில் குறை இல்லை. உங்கள் ஊர்க் காற்றில்தான் ஈரம் அதிகம். விசிறி தானாக நீரைக் குளிர்விப்பதில்லை. ஆவியாகும் நீர் தன்னோடு வெப்பத்தை எடுத்துச் செல்வதற்கு அது துணை செய்கிறது, அவ்வளவுதான். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 200 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 3 டிகிரி குறையும் அளவுக்கு வெப்பம் வெளியேறும். ஆனால் ஆவியாதலுக்கு ஓர் எல்லை உண்டு. 38 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள வறண்ட காற்றில், ஆவியாதலால் மட்டும் நீர் 23 டிகிரி வரை குளிரக்கூடும். கடற்காற்று வீசிய பின் சென்னையில் காற்றின் வெப்பம் 34 டிகிரியாகக் குறைந்து, ஈரப்பதம் 60 சதவீதமாக ஏறிவிட்டால், அந்த எல்லை 27 டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது. பம்ப்புகளும் விளக்கும் ஊட்டும் வெப்பத்தைச் சேர்த்தால் நீங்கள் காணும் 29 வந்துவிடும். ஆகவே இன்னும் இரண்டு விசிறிகளைச் சேர்ப்பதால் பெரிய பயன் இல்லை. அறையில் ஏசி ஓடினால் வெப்பம் குறைவதோடு காற்றின் ஈரமும் குறைகிறது. அப்போது இதே விசிறிகள் நன்றாக வேலை செய்வதை நீங்களே பார்க்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவை ஆர்.ஓ. நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே வந்தால் சில நாள்களில் உப்படர்த்தி (நன்னீரை 1 என்று கொண்டு அளக்கும் அடர்த்தி) 1.026-ஐத் தாண்டி ஏறிவிடும், பவளங்கள் வெப்பத்தைவிட அதனாலேயே சுருங்கத் தொடங்கும்.

கண்ணாடி மூடியை எடுத்துவிடலாமா? எடுத்தால் மீன்கள் துள்ளி விழுகின்றன.

எடுத்துவிடுங்கள். மூடி இருந்தால் ஆவியாதல் நின்றுவிடும். அதற்குப் பதிலாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையைப் போடுங்கள்.

சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கித் தொட்டிக்குக் கீழே உள்ள மர அலமாரியில் வைத்தேன். நாள் முழுவதும் ஓடுகிறது. ஆனாலும் நீர் 28 டிகிரிதான். பெரிய சில்லராக மாற்ற வேண்டுமா? (திருநெல்வேலி)

முதலில் அதை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். சில்லர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நீரிலிருந்து எடுத்த வெப்பத்தையும், தான் செலவிடும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் கொட்டுகிறது. மூடிய அலமாரியில் அந்தக் காற்றையே அது திரும்பத் திரும்ப இழுப்பதால் திறன் விழுந்துவிடுகிறது; பக்கத்திலிருக்கும் சம்ப் (தொட்டி நீர் வடிந்து சுத்தமாகித் திரும்பும் கீழ்த்தொட்டி) நீரும் சூடாகிறது. நிழலான பால்கனியிலோ அடுத்த அறையிலோ வைத்துக் குழாயை நீட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. அது முடியாவிட்டால் நான்கு பக்கமும் காற்றோடும் இடத்தில் வைத்து, தூசு வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள். இவற்றைச் செய்து ஒரு வாரம் பார்த்த பிறகு பெரிய சில்லரைப் பற்றி யோசிக்கலாம்.

சில்லர் வாங்கும் வசதி இல்லை. வேறு என்ன செய்யலாம்?

சில்லர் வாங்கக் கூடியவர்களும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நீருக்குள் போகும் வாட்டுகளை எண்ணிப் பாருங்கள். நீரில் மூழ்கியிருக்கும் பம்ப் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் நீரில் வெப்பமாகவே சேர்கிறது. 50 வாட் பம்ப் ஒன்று ஒரு நாள் முழுக்க ஓடித் தரும் வெப்பம், வெளியேற வழியே இல்லாவிட்டால், நம் 200 லிட்டர் நீரை 5 டிகிரி ஏற்றப் போதுமானது. மாறுமின்னோட்டத்தில் (ஏசி) ஓடும் பழைய பம்ப்புகளை நேர்மின்னோட்டத்தில் (டிசி) ஓடும் பம்ப்புகளாக மாற்றிப் பாதிச் சுமையைக் குறைத்தவர்களை நான் அறிவேன்.

அடுத்தது விளக்கு. தொட்டிக்குள் இருக்கும் உயிர்களுக்கு நம் கடிகாரம் தெரியாது. விளக்கை மாலை 6 மணிக்குப் போட்டு நள்ளிரவுக்குப் பின் அணைத்தால், பிற்பகல் வெயிலும் விளக்கின் சூடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். மேற்குச் சுவரை ஒட்டியோ, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலோ தொட்டி இருந்தால், அதை இடம் மாற்றுவது எந்தக் கருவியையும்விட அதிகம் உதவும். பவளங்களோடு தொட்டியை நகர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

மின்தடையின்போது உறைந்த பாட்டில்களைப் போடலாமா?

போடலாம். ஆனால் ஒரு லிட்டர் பாட்டில் அரை டிகிரிக்குச் சற்றே அதிகமாகத்தான் குறைக்கும். பாட்டிலை மூடியபடியே தொட்டியிலோ சம்ப்பிலோ மிதக்க விடுங்கள்; பனிக்கட்டியை நேரடியாக நீரில் கொட்ட வேண்டாம், உப்படர்த்தி சரிந்துவிடும். மின்தடையில் வெப்பத்தைவிட விரைவாகக் கொல்வது மூச்சுத்திணறல். 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறைகிறது. அதே நேரத்தில் மீன்களின் தேவையோ கூடுகிறது. எனவே இன்வெர்ட்டரில் முதல் இணைப்பு நீரோட்டம் தரும் பம்ப்புக்குத்தான். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போய்விட்டு வந்தேன். நான்கு நாள்கள் நீர் 32 டிகிரியில் இருந்திருக்கிறது. காளான் பவளங்கள் வெளுத்துவிட்டன. இறந்துவிட்டனவா? இராமநாதபுரம் பக்கம் கடற்பவளம் கிடைக்கும் என்கிறார்களே, அதைக் கொண்டுவந்து வைக்கலாமா?

வெளுத்ததனாலேயே இறந்துவிட்டது என்று பொருளில்லை. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகள் வெப்பத்தில் நிலைகுலைகின்றன. பவளம் அவற்றை வெளியேற்றிவிடுவதால்தான் நிறம் போகிறது. தசை கரையாமல், தொட்டால் சுருங்கினால் உயிர் இருக்கிறது. நீரை அவசரமாகக் குளிர்விக்காதீர்கள். மணிக்கு அரை டிகிரிக்கு மேல் இறங்க வேண்டாம். விளக்கின் ஒளியைப் பாதியாகக் குறையுங்கள், ஏனென்றால் வெப்பமும் ஒளியும் சேரும்போதுதான் அந்தப் பாசிகளுக்குச் சேதம் மிகுதியாகிறது. நுண்ணிய உணவைச் சிறிதளவு கொடுத்து, சில வாரங்கள் பொறுத்திருங்கள்.

கடலிலிருந்து எடுத்து வருவது மட்டும் வேண்டவே வேண்டாம். கல்பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை; அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள அந்தப் பவளங்கள் 2010-இலும் 2016-இலும் இதே வெப்பத்தால் பெருமளவில் வெளுத்தவை. உங்கள் தொட்டியில் நான்கு நாள்களில் நடந்தது அங்கே வாரக்கணக்கில் நடந்தது. அங்கே விளக்கைக் குறைக்கவோ விசிறி வைக்கவோ யாராலும் முடியாது. பிழைத்து நிற்பவற்றை நாம் உடைத்து எடுத்துவரக் கூடாது.

என் இரண்டு வெப்பமானிகளும் 2 டிகிரி வித்தியாசம் காட்டுகின்றன. எதை நம்புவது?

நொறுக்கிய பனிக்கட்டியை நன்னீரில் இட்டு நன்றாகக் கலக்கி, இரண்டையும் சில நிமிடங்கள் அதில் வையுங்கள். சரியானது 0 காட்டும். கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டையை நம்ப வேண்டாம். அறையின் வெப்பமும் அதில் கலந்துவிடும். கூடவே ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். தானாக அணையாமல் சிக்கிக்கொண்ட ஹீட்டர் கோடையிலும் நீரைச் சூடாக்கிக்கொண்டிருந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன்.